மூன்றாம் காட்சியில் வாய் திறந்த அப்பா

அண்ணனை அந்த வேலையிலிருந்து தூக்கியது அண்ணிதான். நாடகம் எழுதியவன் அவன், இயக்குவது அவள். ஒத்திகை அறைக்குள் கால் வைத்துவிட்டால் அவளுக்குப் புருஷனும் ஒன்றுதான், கதவுக்கு எண்ணெய் போட வந்தவரும் ஒன்றுதான்.

அண்ணன் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தான். பிராம்ப்டர் என்பார்களே, அந்த வேலை. மேடையில் ஒருவர் வசனம் மறந்து விழிக்கும்போது அடுத்த சொல்லைக் கிசுகிசுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. எடுத்துக்கொடுக்கும்போதே, "இதைவிட இப்படிச் சொன்னா நல்லாயிருக்குமே" என்று புதிதாக ஒன்றை எடுத்துவிடுவான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவன் கையில் வைத்திருந்த டார்ச்தான் பெரிய வினை. பக்கத்திரை மெல்லிய துணி. அவன் பக்கம் புரட்டும்போதெல்லாம் மேடைக்குள் மின்மினி பறந்தது. மின்மினி பறக்கும் இடத்துக்கு முன்வரிசைக் கண்கள் எல்லாம் போயின.

"நாளையிலேர்ந்து நீங்க வேண்டாம். பார்வையாளர் வரிசையில போய் உட்காருங்க" என்றாள் அண்ணி.

"டார்ச் இல்லாம இருட்டுல யாரு படிப்பா? சொல்லு பார்க்கலாம்!"

"நான் படிப்பேன்" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அது வாலு. அண்ணனின் தங்கை. நடக்கத் தொடங்கிய வயதிலிருந்தே வீட்டில் ஒரு பொருளை வைத்த இடத்தில் விட்டுவைக்காததால் வந்த பெயர். வளர்ந்து, ஒரு லிஃப்ட் கம்பெனியில் கையேடுகளைத் திருத்தும் வேலையில் சேர்ந்து, மேலதிகாரிகளோடு சண்டை போடும் அளவுக்கு ஆளான பிறகும் அந்தப் பெயர் உதிரவில்லை. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. தலையணை கனத்துக்கு இருக்கும் லிஃப்ட் கையேடுகளை மடிக்கணினியில் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் படிக்கப் படிக்கக் காதால் கேட்டுத் திருத்துவாள். அந்தக் குரலுக்கு அவள் வைத்த பெயர் வாயாடி. மற்றவர்கள் காதுக்கு ரயில் தடதடப்பதுபோல் இருக்கும் வேகத்தில் வாயாடி பேசும். அவளுக்கு மட்டும் சொல் சொல்லாகப் பிரிந்து விழும்.

"எனக்கு டார்ச்சே வேண்டாம் அண்ணி. ஒரு காதுல வாயாடி, இன்னொரு காதுல மேடை. யாரு எங்க தடுக்கினாலும் கையைப் பிடிச்சுத் தூக்கிடறேன்."

அண்ணி யோசித்தாள். கதாநாயகர் யோசிக்கவில்லை. அவர் மருந்துக்கடைக்காரர். பகலெல்லாம் கடை, மாலையில் நடிப்பு. குரல் எடுத்தால் கூரை அதிரும்.

"எனக்கு எதுக்கும்மா பிராம்ப்டர்? டாக்டருங்க கிறுக்கின சீட்டை ஒரு தடவை பார்த்தா, அடுத்த மாசம் அதே ஆள் வெறுங்கையோட வந்தாலும் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் நான். மறதிங்கிற வியாதி எங்க பரம்பரைக்கே கிடையாது."

"ரொம்ப நல்லது சார். அப்போ நான் சும்மா உட்கார்ந்து நாடகம் கேட்கிறேன்" என்றாள் வாலு.

நாடகத்தின் கதை இதுதான். வயதான ஓர் அப்பா, அதுதான் மருந்துக்கடைக்காரர். காது போய்விட்டது என்று வீட்டில் எல்லோரையும் நம்ப வைத்திருக்கிறார். உண்மையில் பாம்புச் செவி. ஒரு வருடமாக, தன்னைப் பற்றி யார் என்ன பேசுகிறார்கள் என்று கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றாம் காட்சியில் மகள் உள்ளே வந்து, பழக்கதோஷத்தில், "அப்பா, கதவைச் சாத்தட்டுமா?" என்று கேட்பாள். அவர் அசையக்கூடாது. "உங்களுக்கு எங்க கேட்கப்போகுது!" என்று பெருமூச்சு விட்டு, மகள் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவாள். ஏழாம் காட்சியில் மகள் அதே கேள்வியைக் கேட்பாள். அப்போதுதான் அவர் திரும்பி, "சாத்தாதே. ஒரு வருஷமா எல்லாம் எனக்குக் கேட்டுக்கிட்டுதான் இருக்கு" என்பார். அரங்கமே அதிர வேண்டிய இடம். அந்த ஒரு வரிக்காகவே முழு நாடகத்தையும் எழுதியதாக அண்ணன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதல் ஒத்திகையில் வாலு மண்ணைக் கவ்வினாள்.

நாலாம் காட்சியில் மகள் ஒரு சொல்லுக்குத் தடுமாறினாள். மகளாக நடித்தவள் ஒரு நீச்சல் டீச்சர், வாலுவுக்குச் சிநேகிதி. வாலு பட்டென்று எடுத்துக்கொடுத்தாள். என்ன கொடுத்தாள்? நாடகத்தின் முதல் வரியை! எப்போதோ விரல் பிசகி வேறு பொத்தானில் பட்டு, கோப்பு தொடக்கத்துக்குத் தாவியிருந்தது. நீச்சல் டீச்சரும் காதில் விழுந்ததை அப்படியே சொல்லிப் பழகியவள். மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டே, "அம்மா, பொழுது விடிஞ்சுடுச்சு, எழுந்திரு" என்று சொல்லிவிட்டாள். மருந்துக்கடைக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் அவரைவிட உரக்கச் சிரித்தான்.

வாலுவின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவள் அழுகிற ரகம் இல்லை. வீட்டுக்குப் போனதும் அண்ணியை எதிரில் உட்கார வைத்துப் பேசினாள்.

"அண்ணி, தாள்ல படிக்கிறவங்க நிமிர்ந்து மேடையைப் பார்த்துட்டுக் குனிஞ்சா, பக்கம் அப்படியே இருக்கும். விரல் வெச்ச இடமும் இருக்கும். எனக்கு அது கிடையாது. ஒரு வரி கேட்டா அது போயிடும், அடுத்தது இன்னும் வரல. நடுவுல நான் எங்க நிக்கிறேன்னு எனக்கு நானே ஏற்பாடு பண்ணிக்கணும். கையேட்டுல பண்றதுதான். இங்க சும்மா நாடகம்தானேன்னு அசட்டையா இருந்துட்டேன்."

"அப்போ ஏற்பாடு பண்ணு. அழகா பண்ணு" என்றாள் அண்ணி. அவ்வளவுதான் அவள் சொன்னது. ஆனால் போகிற போக்கில் வாலுவின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

வாலு நாடகக் கோப்பைப் பிரித்துக் கட்டினாள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தலைப்பு. ஒரு பொத்தானை அழுத்தினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம், மாடிக்கு மாடி லிஃப்டில் போவது மாதிரி. காட்சிக்குள்ளே யார் வருகிறார், யார் போகிறார் என்ற இடங்களுக்குச் சின்னத் தலைப்புகள். ஒருவர் பேசும் வசனம் எவ்வளவு நீளமானாலும் ஒரே பத்தி, அதனால் ஓர் அழுத்தலுக்கு ஓர் ஆள். தொடர்ந்து படிக்கும் வசதியை அடியோடு நிறுத்தினாள். மேடையில் ஒருவர் பேசி முடித்தால் இவள் ஓர் அழுத்தல் கீழே. அவர்கள் மூச்சு வாங்கினால் இவளும் நிற்பாள்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது அடையாளம் வைக்கிற வித்தைதான். எங்கேயாவது அவசரமாக ஓட வேண்டியிருந்தால், ஓடுவதற்கு முன் நிற்கிற இடத்தில் "ழழ" என்று அடித்துவிடுவாள். தமிழில் எந்தச் சொல்லிலும் ழகரம் இப்படி இரட்டையாக வராது. திரும்பி வர "ழழ" என்று தேடினால் போதும், நேராக அந்த இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். லிஃப்ட் கையேடுகளில் அவள் இப்படி எத்தனையோ ழழக்களை மறந்து விட்டுவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அடுத்த ஒத்திகைகளில் ஒரு பிசகு இல்லை. நீச்சல் டீச்சர் தடுமாறுவதற்கு முன்பே அவள் தடுமாறப் போகிறாள் என்று மூச்சை வைத்தே கண்டுபிடித்தாள் வாலு. "தண்ணிக்குள்ளகூட எனக்கு இவ்வளவு தைரியமா இருந்ததில்லடி" என்றாள் டீச்சர். மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒருமுறைகூட இவள் பக்கம் காது கொடுக்கவில்லை. அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

அரங்கேற்ற நாள் வந்தது. அரங்கம் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். பக்கத்திரைக்குப் பின்னால், மேடையில் துணியால் கட்டிய பொய் ஜன்னலை ஒட்டி, வாலு ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கணினி, இடது காதில் வாயாடி. அத்தனை பேர் இருமுவதும் கனைப்பதும் நாற்காலி இழுப்பதும் மேடைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்க அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையேடு திருத்தும்போது யாரும் இப்படி மொத்தமாக மூச்சுப் பிடித்துக்கொண்டு உட்கார்வதில்லை.

முதல் இரண்டு காட்சிகள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போயின. மூன்றாம் காட்சி. பொய் ஜன்னலருகே அப்பா. நீச்சல் டீச்சர் உள்ளே வந்தாள்.

"அப்பா, கதவைச் சாத்தட்டுமா?"

வாலு ஓர் அழுத்தல் கீழே இறங்கினாள். 'அப்பா அசையவில்லை' என்றது வாயாடி.

மேடையில் நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா அசைந்தார். கூரை அதிரும் குரலில், ஒரு சொல் பிசகாமல் சொன்னார்:

"சாத்தாதே. ஒரு வருஷமா எல்லாம் எனக்குக் கேட்டுக்கிட்டுதான் இருக்கு."

அரங்கத்திலிருந்து "ஆ!" என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. ஏழாம் காட்சியில் உடைய வேண்டிய பானை, அடுப்பில் ஏற்றும் முன்பே நடுக்கூடத்தில் உடைந்து கிடந்தது. நீச்சல் டீச்சர் பேயறைந்தவள்போல் நிற்பது அவளுடைய மூச்சிலிருந்தே தெரிந்தது. மறுபக்கப் பக்கத்திரையில் ஏதோ தொப்பென்று விழுந்தது. அண்ணி கையிலிருந்த தண்ணீர் பாட்டில்.

மருந்துக்கடைக்காரருக்குத் தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார்.

ஏழாம் காட்சிக்கே போய்விடலாமா? போனால் நாடகம் அரைமணியில் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அவர் சொன்னதைச் சொல்லாததாக ஆக்க முடியுமா? அப்போதுதான் வாலுவுக்குப் பொறி தட்டியது. ஐந்தாம் காட்சியில் அப்பா தன்னை மறந்து ஒரு ஜோக்குக்குச் சிரித்து மாட்டிக்கொள்ளப் பார்ப்பார். அப்போது மகள் ஏதோ சமாதானம் சொல்வாள். டாக்டர் சொன்னதாக ஒன்று. அது மட்டும் கிடைத்தால்!

ஆனால் முதலில் நிற்கிற இடத்தைக் கட்டிப்போட வேண்டும். இரண்டு எழுத்தைத் தட்டினாள். தேடல். 'டாக்டர்' என்று அடித்தாள். வாயாடி கக்கியது: 'டாக்டரைக் கேட்டா சர்க்கரை கூடாதும்பார்.' இது இல்லை. அடுத்தது. 'டாக்டர் மகனுக்கும் இவளுக்கும் பேச்சு நடந்தது.' இதுவும் இல்லை. அரங்கத்தில் யாரோ இருமினார்கள். அடுத்தது. கிடைத்துவிட்டது!

ஜன்னல் துணியில் வாயை வைத்து, 'சிரிச்சுக்கிறார்' என்றிருந்ததை 'பேசிக்கிறார்' என்று மாற்றி, மேடைக்கு மட்டும் கேட்கும்படி ஒரே மூச்சில் ஊதினாள்:

"பாவம், தனக்குத்தானே பேசிக்கிறார். காது போனவங்களுக்கு எல்லாம் கேட்கிற மாதிரியே ஒரு பிரமை இருக்குமாம், டாக்டர் சொன்னார்."

நீச்சல் டீச்சர் நீந்தப் பிறந்தவள். தூக்கிப் போட்ட கயிற்றை லபக்கென்று பிடித்துக்கொண்டாள். தலையில் அடித்துக்கொண்டு, பார்வையாளர் பக்கம் திரும்பி, அந்த வரியை அத்தனை பரிதாபத்தோடு சொன்னாள்.

பிறகு அரங்கத்தின் நடுவில் ஒருவர் கெக்கேபிக்கே என்று சிரிக்க, அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பற்றிக்கொண்டு சுவரோரம்வரை போனது. அவர்களுக்கு இப்போது தெரியும், அப்பாவுக்குக் காது கேட்கும். மகளுக்குத்தான் தெரியாது. இனி அவள் எதைச் சொன்னாலும் அந்த மனுஷன் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறார்! மருந்துக்கடைக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. மெதுவாகத் திரும்பி, மறுபடி கல்லாகி உட்கார்ந்தார். அதற்கு இன்னொரு சிரிப்பு.

சிரிப்பு அடங்குவதற்குள் வாலு திரும்பி வர வேண்டும். 'ழழ' என்று தேடினாள்.

'கிடைக்கவில்லை' என்றது வாயாடி.

மறுபடி அடித்தாள். கிடைக்கவில்லை. சிரிப்பு தேய்ந்துகொண்டே வந்தது. தலைப்புத் தலைப்பாக மேலே ஏறலாம், ஆனால் மூன்றாம் காட்சி நீளமானது, வரியைப் பிடிப்பதற்குள் டீச்சர் மூழ்கிவிடுவாள். அடித்தேனே, கையால் அடித்தேனே! எதை அடித்தேன்? பதற்றத்தில் விரல் எங்கே போயிருக்கும்? ழகரத்தை ளகரமாகச் சொல்கிறார்கள் என்று ஊரையெல்லாம் திருத்துகிறவள் அவள். இன்றைக்கு அவள் விரலே…

'ளள' என்று தேடினாள்.

'ளள. மகள்: உங்களுக்கு எங்க கேட்கப்போகுது!'

கத்திக் கூப்பாடு போடலாம்போல் இருந்தது அவளுக்கு. கத்தாமல் அந்த வரியை ஊதினாள். டீச்சர் பிடித்தாள். "உங்களுக்கு எங்க கேட்கப்போகுது!" அரங்கம் மேசையைத் தட்டாத குறையாகச் சிரித்தது. அண்ணன் எழுதியபோது பெருமூச்சாக இருந்த வரி அது.

அதற்குப்பின் நாடகம் ஓடியது பாருங்கள், தலைதெறிக்க ஓடியது. காட்சிகளுக்கு நடுவே விளக்கணைந்த சிறு இடைவெளியில் அண்ணி தட்டுத் தடுமாறி வந்து வாலுவின் தோளைப் பிடித்தாள்.

"அஞ்சுல அந்த வசனம் மறுபடி வருமே?"

"டீச்சர்கிட்ட சொல்லிட்டேன் அண்ணி. 'மறுபடியும் ஆரம்பிச்சுட்டார்'னு மட்டும் சொன்னாப் போதும். அங்க ஓர் அடையாளம் வெச்சிருக்கேன்."

"ஏழுல?"

"அங்கயும் ஒண்ணு வெச்சிருக்கேன். அங்க என்ன சொல்றதுன்னுதான் இன்னும் தெரியல."

"கடவுளே!" என்றாள் அண்ணி. பயந்த குரல் இல்லை அது. சின்னப் பிள்ளை ராட்டினத்தில் ஏறிவிட்டுக் கத்துகிற குரல்.

ஏழாம் காட்சி. டீச்சர் உள்ளே வந்தாள். "அப்பா, கதவைச் சாத்தட்டுமா?"

மருந்துக்கடைக்காரர் சொல்ல வேண்டியதைத்தான் முன்பே செலவழித்துவிட்டாரே! நாற்காலி மெல்ல ஜன்னல் பக்கம் நகரும் சத்தம் கேட்டது. அந்தப் பெரிய மனுஷர், பரம்பரைக்கே மறதி இல்லாதவர், முதல்முறையாக வாலுவின் பக்கம் காதைச் சாய்த்தார்.

கோப்பில் அதற்கு வசனம் இல்லை. ஏற்கனவே சொல்லிவிட்ட வரிதான் இருந்தது. அதைத் தலைகீழாகப் புரட்டினாள் வாலு.

"சாத்தும்மா. பக்கத்து வீட்டுக்கும் கேட்டுடப்போகுது."

அவர் திரும்பி, மகளை நேருக்கு நேராகப் பார்த்து, கூரையை அதிர வைக்காமல், ரொம்ப மெதுவாக அதைச் சொன்னார். இந்த முறை சிரிப்பு உடனே வரவில்லை. டீச்சர் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு எழுந்தது கைதட்டல். மேடைப் பலகை வழியாக முக்காலிக்கு ஏறி, அவள் முதுகெலும்புவரை அதிர்ந்தது.

திரை விழுந்ததும் அண்ணன்தான் முதலில் ஓடி வந்தான்.

"யாருடி என் வசனத்தை மாத்தினது?"

"எடுத்துக்கொடுக்கும்போது மாத்தறது நம்ம குடும்ப வியாதி அண்ணா."

அவன் தங்கையை முக்காலியோடு சேர்த்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். கணினி விழாமல் அண்ணி பாய்ந்து பிடித்தாள்.

வேஷத்தைக் கலைத்துக்கொண்டே மருந்துக்கடைக்காரர் எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார்: "அப்பவே தோணிச்சு, மூணாவது காட்சியிலயே போட்டு உடைச்சாத்தான் சூடு பிடிக்கும்னு. வேணும்னுதான் சொன்னேன்." யாரும் மறுக்கவில்லை. வாலுவைக் கடந்து போகும்போது மட்டும் நின்று, குரலைத் தாழ்த்தி, "ஏழாவது காட்சியில கொடுத்தியே… நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

இனி நாடகம் இப்படித்தான் என்று மறுநாளே முடிவாகிவிட்டது. அண்ணன் சாப்பாட்டு மேசையில் வாலுவோடு உட்கார்ந்து புது வசனங்களை எழுதினான். தான் எழுதிய மூலத்தில் கைவைக்க மாட்டேன் என்று அரைமணி நேரம் அடம்பிடித்துவிட்டு, மூலத்தில் இல்லாத இரண்டு புது ஜோக்குகளையும் சேர்த்துக்கொண்டான்.

அடுத்த முறை நாடகம் போட்டபோதும் அரங்கம் நிறைந்தது. மூன்றாம் காட்சி. நீச்சல் டீச்சர் உள்ளே வந்து, "அப்பா, கதவைச் சாத்தட்டுமா?" என்றாள். வாலு ஓர் அழுத்தல் கீழே இறங்கினாள். 'சாத்தாதே' என்ற வசனத்தை வாயாடி சொல்லிவிட்டது. மேடையில் நாற்காலி கிறீச்சிடவில்லை. அப்பா அசையவில்லை. மாதக்கணக்கில் பழகிய பழைய ஒத்திகைப்படி, ஒரு சொல் பிசகாத ஞாபகத்தோடு, கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார் மருந்துக்கடைக்காரர்.

வாலு சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஜன்னல் துணியில் வாயை வைத்தாள்.

"சார், பேசுங்க. இன்னிக்கு உங்களுக்குக் காது கேட்கும்."